யார் போனில் அந்தப் பாட்டு?

போன வருடம் ஐப்பசி மாதம். போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய் பறிக்க ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில், விடிவதற்கு முன்னால் நடந்தது இது.

எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. காயெடுக்கும் பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு தினமும் போய் வருவேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவேன். உண்மையில், என் மனசு ஆண்கள் பக்கம்தான் போகும். இதை நான் வாய்விட்டுச் சொன்ன ஆள் ஒருத்தர்கூட இல்லை. மேலே மூடுபனி, கீழே வெக்கை, இரண்டுக்கும் நடுவே தினமும் ஏறி இறங்கும் வாயடைத்த ஓர் ஆள்.

ஒரு ராப் பாட்டு மட்டும் துணை. முகம் தெரியாத யாரோ ஒருவன் பாடியது. போனில் தற்செயலாகக் கிடைத்தது. என்னைப் போன்றவர்களை ஊர் எந்த வார்த்தையால் அடிக்குமோ, அதையே பிடுங்கித் திருப்பி எறிவான். எனக்கு இந்த வயதுவரை வராத கோபம் அவன் மூச்சில் இருந்தது.

எங்கள் ஜீப்பில் ஒரு வழக்கம். டிரைவர் பக்கத்தில் உட்காருகிறவர் போனிலிருந்துதான் ஸ்பீக்கருக்குப் பாட்டு. முன்பு ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்தபோது சேர்த்துவைத்த புளூடூத் தொடர்பு, என் போனில் அப்படியே கிடந்திருக்கிறது. அன்று பின்னால் உட்கார்ந்தேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டைத் தட்டிவிட்டு, போனைத் துண்டுக்குள் பொதிந்தேன். காதில் சத்தமே இல்லை. ஜீப்பு முழுக்க அதிர்ந்தது.

"எங்க ஆத்தா பெத்த புள்ளதான்டா நானும்,
ஆம்பளை மேல ஆசைன்னா ஊரை விட்டா ஓடணும்?"

அணைக்கலாம் என்றால், துண்டை விலக்கியதும் திரை வெளிச்சம் என் முகத்தில் விழும். துண்டை மடியோடு அழுத்திக்கொண்டேன். யார் போனுப்பா இது என்றார் டிரைவர். முன்சீட்டில் இருந்தவர் தோட்டத்தில் மருந்தடிப்பவர். கேலிக்குக் கேட்கவே வேண்டாம்.

"அண்ணே, அந்த மாதிரி ஆளு ஒண்ணு நம்ம ஜீப்புல ஏறியிருக்கும்போல. ஆளைக் காட்டுங்க, முந்தல் செக்போஸ்ட்ல இறக்கி விட்ருவோம்."

ஜீப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

எனக்கு எதிரே, முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. ராசிங்காபுரத்திலிருந்து வருகிறவர், அதிகம் பேசாதவர். துண்டின் இழைகளுக்குள் கசிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எம் போனுதான். ஓடட்டும்."

அவரிடம் இருப்பது பட்டன் போன். செங்கல் என்று எல்லோரும் கேலி செய்யும் போன்.

"செங்கல்லுல எப்பக்கா இந்தப் பாட்டெல்லாம் வந்துச்சு?" என்றார் மருந்தடிப்பவர்.

"நேத்து வந்துச்சு. ஒனக்கென்ன சோலி? கேளு."

அது அவர் போன் இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் யாருடையது என்று ஒருத்தரும் தேடவில்லை. முந்தலில் ஜீப்பு நின்றது, கிளம்பியது. வளைவுகளில் திரும்பித் திரும்பி, அந்தப் பாட்டு முழுசாக மலையேறியது.

எஸ்டேட் வாசலில் இறங்கியதும் அவரிடம் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன். அவர் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டிருந்தார். "வெரசா போங்கண்ணே, மழை வருது," என்றார். அவ்வளவுதான். அந்தக் காயெடுப்பு முடிந்ததும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

என் தனிமை குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். இன்றும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எதிர் இருக்கையில் வேறு யாரோ தூங்கி வழிகிறார்கள். ஆனால் முந்தலில் ஜீப்பு நின்று கிளம்பும்போதெல்லாம், நான் இறங்காமலிருக்க ஒருத்தர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யின்மேல் உட்கார்ந்துதான் மலையேறிக்கொண்டிருக்கிறேன்.