தோணிக்காரன் சாகாத நான்காம் பாகம்

பெமிலா தக்கலை அருகே ஒரு பள்ளியில் நூலகர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவளும் அவள்தான். அவள் வாசித்தால் ஓர் எழுத்துகூட விழாது என்று சபையில் பெயர்.

அதே கண்டிப்பு இன்னொரு நூல் விஷயத்திலும் அவளுக்கு இருந்தது. ‘அலைமுடி’ என்ற ஐந்து பாக மாயக்கதை: கடலில் மூழ்கிய ஓர் அரசு, அதைத் தேடிப் போகும் ஒரு பெண், அவளை ஏற்றிச் செல்லும் தோணிக்காரன் மாறன். அது படமாகிறது என்ற செய்தி வந்ததும் வாசகர்களின் வாட்ஸாப் குழுவில் அவள் எழுதினாள்: “ஒரு காட்சியை மாற்றினாலும் அது அலைமுடி அல்ல.” நூற்றுக்கணக்கானோர் ஆமோதித்தார்கள்.

ஆனால் படம் நாவலை மாற்றிவிடும் என்பதல்ல அவள் பயம். மாற்றாமல் விட்டால் என்ன செய்வது?

அவள் கணவன் எட்சன் ஏழு வருடம் கத்தார் கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில் வெல்டராக இருந்தான். எழுத்தைப் பார்த்தாலே அவனுக்குக் கொட்டாவி வரும். அதனால் பெமிலா தினம் ஓர் அத்தியாயம் வாசித்து, குரலாகப் பதிந்து அனுப்பினாள். நான்காம் பாகத்தில் மாறன் மூழ்கிச் சாவான். அவள் அந்த அத்தியாயத்துக்கு வந்த வாரம்தான் எட்சனின் அறைத்தோழன் ஏசுஅடிமை மேடையிலிருந்து கடலில் விழுந்து இறந்தான். மூன்றாம் நாள் எட்சனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “மாறனுக்கு என்னாச்சு பிள்ளே? சீக்கிரம் அனுப்பு.”

பெமிலா தன் குரல்பதிவில் மாறனைக் கரை சேர்த்தாள். சேர்த்த பிறகு விட முடியவில்லை. மீதி ஒன்றரைப் பாகத்துக்கும் அவனைப் பேசவைத்தாள், நடக்கவைத்தாள். அது கருணையா ஆணவமா என்று அவளால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

இப்போது எட்சன் ஊரோடு வந்துவிட்டான். டிக்கெட் எடுத்ததும் அவன்தான்.

“அசனத்துக்குக் காய் வெட்டப் போணும் அத்தான். நீங்க மட்டும் போங்க.”

“சபை விருந்து அடுத்த ஞாயிறுல்லா? நீ என்னத்துக்குக் கெடந்து பதறுக?”

நாகர்கோவில் தியேட்டரில், இடைவேளைக்குப் பிறகு, மாறன் நீரில் இறங்கினான். பெமிலா கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து இருக்கை படாரென்று மடங்கும் சத்தம் கேட்டது. எட்சன் எழுந்து நின்றிருந்தான்.

“லே, இவன் எங்க செத்தான்?”

“அண்ணா, இரிங்க. மறைக்குது” என்றது பின்வரிசை.

வெளியே வந்ததும் அவன் போனை எடுத்தான். வாசகர் குழுவில் அவனும் இருந்தான்; ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது குரல் பதிந்தான்: “எல்லாருக்கும் வணக்கம். நான் எட்சன். எனக்க பொண்டாட்டி ஒரு எழுத்து விடாம வாசிச்சுக் கேட்டவன். கதையில மாறன் கரை சேருவான். இந்தச் சவங்க…”

பெமிலா போனைப் பிடுங்கினாள். குழுவில் பக்க எண்ணோடு பேசுகிறவர்கள் இருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அவனைப் பார்த்துச் சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்கள்.

“அனுப்பாதீங்க. படத்துல உள்ளதுதான் சரி. புக்குல அவன் செத்துப்போவான்.”

“பின்னே?”

“நான்தான் கரை சேத்தேன். ஏசுஅடிமை விழுந்த வாரம்.”

தக்கலை பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். வீட்டு வாசலில் அவன் திரும்பினான்.

“அஞ்சாம் பாகத்துல கல்யாண வீட்டுல மாறன் பாயசத்துல வழுக்கி விழுந்தானே?”

“அதும் நான்தான்.”

“நாசமாப் போச்சு. ரூமுல பத்து பேருக்கு அதைச் சொல்லிச் சிரிச்சேன்.” செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: “சபைக்கு எழுத்து விடமாட்ட. கட்டினவனுக்கு மட்டும் இட்டுக்கட்டு.”

அந்த வாரம் முழுவதும் குழு கொதித்தது. கிரீடத்தின் நிறம் மாறியிருந்தது, போர் முன்னால் வந்திருந்தது. “பெமிலா அக்கா, உங்க விமர்சனம் எங்கே?” என்று குழுவை நடத்தும் ஷிபு இரண்டு முறை கேட்டான். அவள் எழுதி எழுதி அழித்தாள். இயக்குநர் செய்ததில் தான் செய்யாதது என்ன? அவர் எல்லோர் முன்னாலும் செய்தார், அவ்வளவுதான். பள்ளியில் புத்தகங்களைத் தப்பான அலமாரியில் அடுக்கினாள். அடுப்பில் பாலை மறந்தாள்.

ஐந்தாம் நாள் மாலை எட்சன் நான்காம் பாகத்தை விரல் வைத்து மூடியபடி வந்தான்.

“நான் வாசிச்சா மண்டையில ஏறல்ல. நீ வாசி. உள்ளது போல.”

நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் வாசித்தாள். மூன்றாம் வரியில் புத்தகத்தைத் தாழ்த்தினாள்.

“நிறுத்தாத.”

மாறன் மேல் நீர் மூடும்வரை வாசித்தாள். எட்சன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது அண்ணைக்கு வந்திருந்தா நான் அழுதிருப்பேன்.”

“அதுக்குத்தானே அத்தான்…”

“அழணும்லா பிள்ளே.” புறங்கையால் மூக்கைத் துடைத்தான். “மேல வாசி.”

அடுத்த அத்தியாயத்தில் மாறன் இல்லை. அதை அவள் யாருக்கும் சத்தமாக வாசித்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.