அடிக்காத மணிக்குச் சான்றிதழ்

மரக்காணம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததே, அதற்கு மறுவருஷம் நான் அந்த இன்ஜினீயரிங் காலேஜில் மணி அடிக்கச் சேர்ந்தேன். நான் சொல்லப்போவது அதற்கும் நாலைந்து வருஷம் கழித்து நடந்தது. எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. நாள் தவறாமல் கரண்ட் போன காலம். கண்டாச்சிபுரத்தில் என் மச்சான் மகள் கல்யாணத்தில், மாதா கோயிலில் சாமியார் மாப்பிள்ளையிடம் சம்மதமா என்று கேட்கும் நேரம் பார்த்து மைக் செத்துவிட்டது. அவர் என்ன பதில் சொன்னார் என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பார்.

காலேஜ் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருந்தது. ஓடாத ஜெனரேட்டர் இருக்கும் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதை அடிக்க வேண்டும். நடுவில் முக்கால் முக்கால் மணி நேரம் தூங்கலாம். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவனுக்கு காலேஜில் இதைவிட உசத்தியான வேலை கிடைக்காது.

அதில் மண் விழுந்தது. காலேஜ் தரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு குழு வரப்போவதாகத் தகவல் வந்ததும், பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், இனிமே மணிய கம்ப்யூட்டர் அடிக்கும். நீ மூணாவது மாடிக்குத் தண்ணி கேன் தூக்கு."

"முட்டி வலிக்குது சார்."

"கம்ப்யூட்டருக்கு முட்டி கிடையாதுய்யா. அதான் அத வெச்சிருக்கோம்."

மெக்கானிக்கல்காரர்கள் மரத்தில் ஒரு இரும்புக் கையைப் பொருத்தினார்கள். லேபில் இருக்கும் கம்ப்யூட்டர் சொன்னால் அந்தக் கை என் தண்டவாளத்தையே அடிக்கும். அதற்கான புரோகிராமை யாரோ எழுதினார்கள். முதல் வாரமே பரீட்சைக்கு நடுவில் அடித்தது. மத்தியானம் அடுத்தடுத்து இரண்டு தரம் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத கட்டடத்துக்கு ஒழுங்காகப் பத்து மணியும் அடித்தது. பிரின்சிபால் குதித்தார். நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் மேடம் ஒருத்தர் முன்வந்தார். சின்ன வயசு, நல்ல மாதிரி. என்னை அண்ணா என்று கூப்பிட்ட ஒரே ஆள். புரோகிராமில் உள்ள தப்பைக் கண்டுபிடிக்கிற இன்னொரு புரோகிராம் அவர் சொந்தமாகச் செய்து வைத்திருந்தார்.

"ஓட்டிப் பாக்கவே வேணாம்ணா. சும்மா படிச்சே எங்க தப்பு வரும்னு சொல்லிடும். அதுவே திருத்தியும் குடுத்துடும்."

"ஓட்டாமலேயா மேடம்?"

"ஓட்டிப் பாத்தா அன்னிக்கு நடந்தது மட்டுந்தான தெரியும்? இது நடக்கக்கூடிய எல்லாத்தையும் பாக்கும்."

"சந்தையில மாட்ட ஏர்ல கட்டாமலே பல்லப் புடிச்சிப் பாக்கறாப்புல."

"அதேதான். ஆனா எது எது தப்புன்னு நாமதான் மொதல்ல எழுதிக் குடுக்கணும்."

எழுதிக் கொடுக்கும் பொறுப்பைப் பிரின்சிபால் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது கைவந்த கலை. எங்கள் காலேஜில் சுவரே தெரியாத அளவுக்குப் பலகை. பையன்கள் பெண்களோடு பேசக் கூடாது, படியில் உட்காரக் கூடாது, புல்லை மிதிக்கக் கூடாது. புல் முளைத்து நான் பார்த்ததில்லை. பார்த்துப் பார்த்தே எனக்குப் படிக்க வந்த ஒரே வார்த்தை 'கூடாது'.

அதே கையோடு மணிக்கும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை அடிக்கக் கூடாது. பரீட்சையில் அடிக்கக் கூடாது. சேர்ந்தாற்போல இரண்டு தரம் கூடாது. நேரத்துக்கு முன்னால் கூடாது, பின்னால் கூடாது. கடைசியாக எனக்கும் ஒன்று சொன்னார்: இனிமேல் தண்டவாளத்தை எவன் தொட்டாலும் வேலை காலி.

மேடத்தின் புரோகிராம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் படித்துத் திருத்திவிட்டது. தப்பு ஒன்றுகூட இல்லை என்று தாளும் வந்தது. பிரின்சிபால் அதைக் கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

திங்கட்கிழமை வெள்ளோட்டம். இரும்புக் கை எப்படித்தான் அடிக்கிறது என்று பார்க்க நான் மரத்தடிக்குப் போனேன். ஒன்பது ஆனது. கை அசையவில்லை. காலேஜே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது. எனக்குக் கை பரபரத்தது. நாலைந்து வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கம்பியை எடுத்து அடித்துவிட்டேன்.

லேபில் ஒரே கைத்தட்டல். "கம்ப்யூட்டர் அடிச்சிடுச்சி!" எனக்கும் ஒரு லட்டு வந்தது.

தொட்டால் வேலை காலி. லட்டு வேறு தின்றாகிவிட்டது. பத்து மணிக்கு அடிக்காமல் விட்டால், ஒன்பது மணியை அடித்தவன் யார் என்று கேள்வி வரும். அதனால் பத்துக்கும் அடித்தேன். மூன்று நாள், முப்பது மணி. கம்ப்யூட்டர் ஜெயித்தால் எனக்குத் தண்ணி கேன்தானே, என் முட்டிக்கு நானே உலை வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை குழு வந்தது. எனக்கு வெள்ளை யூனிஃபார்ம் போட்டு, கையில் இளநீர்த் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். மரத்தடிக்குப் போக வழியில்லை. ஒன்பதுக்கு மணி இல்லை. பத்துக்கு இல்லை. மணி அடிக்காமல் வாத்தியார் வெளியே வரக் கூடாது, பையன்கள் எழுந்திருக்கக் கூடாது என்று பலகையில் இருக்கிறதே. யாரும் அசையவில்லை. கணக்கு வாத்தியார் பாடத்தை முடித்துவிட்டு, தன் வீட்டுக்குப் போர் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்பெஞ்சில் ஒருத்தன் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தான்.

"என்னா டிசிப்ளின் சார்!" என்றார் குழுவில் பெரியவர்.

பதினொன்றரைக்குப் பிரின்சிபால் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"யோவ், போய் அடிய்யா!"

"தொடக் கூடாதுன்னு நீங்கதான சார்..."

"பேஜார் பண்ணாத, ஜல்தி போய்யா!"

போனேன், அடித்தேன். திரும்பி வந்து தட்டை எடுத்தபோது பெரியவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர் மணின்னு நம்பவே முடியல. மனுஷன் அடிக்கற மாதிரியே இருக்கு."

சாயங்காலம் மேடம் முகமெல்லாம் சிவந்து மரத்தடிக்கு வந்தார். தன் புரோகிராம் திருத்திக் கொடுத்ததை இப்போதுதான் வரி வரியாகப் படித்தாராம். தப்பைத் திருத்தச் சொன்னதற்கு, மணி அடிக்கிற வரியையே அது எடுத்துப் போட்டிருக்கிறது.

"அடிக்கவே இல்லன்னா தப்பா அடிக்க முடியாதுல்லண்ணா? அத்தனை 'கூடாது' எழுதனோம். அடிக்கணும்னு ஒரு வரி எழுதல." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப மூணு நாளா எப்படி அடிச்சிது? நீங்களா அடிச்சீங்க?"

என் கண்ணுக்கு வேலை போவதும் மூன்றாவது மாடியும் தெரிந்தன. "மாதா சத்தியமா நான் இல்ல மேடம்."

அவர் அந்தச் சத்தியத்தை நம்பினார். மறுநாளே, நேரத்துக்கு அடிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து மறுபடியும் பார்த்தார். இந்தத் தடவை புரோகிராம் உள்ளதைச் சொன்னது: கரண்ட் போனால் அடிக்காது, அதற்கு நான் பொறுப்பில்லை. அந்தத் தாளைப் பிரின்சிபால் கையில்கூட வாங்கவில்லை.

"தப்பே இல்லன்னு சொன்ன மெஷின் நல்லாத்தானம்மா இருந்துது? எதுக்கு அதக் கெடுத்து வெச்சிருக்க? சர்டிபிகேட் செவுத்துல இருக்கட்டும். மணிய இந்தாளு அடிக்கட்டும்."

என் முட்டி பிழைத்தது. மேடம்தான் பிழைக்கவில்லை. அந்த மூன்று நாள் எப்படி அடித்தது என்று சோறு தண்ணி இல்லாமல் தேடினார். ஒயரைப் பிரித்தார், நோட்டு நோட்டாக எழுதினார். தன் புரோகிராம்மீதே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. வருஷக் கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டார். போகும்போதுகூட, "அது மட்டும் புரியலண்ணா" என்றார். நான் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "தண்ணி கேனுக்குப் பயந்துகினு மாதாவ இழுத்தியா? அந்தக் கேனையே தூக்கியிருக்கலாம்" என்றாள். பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பத்து 'அருள் நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன், மனசு கேட்கவில்லை.

மேடம் இப்போது சென்னையில் இருக்கிறாரோ, வேறு சீமையில் இருக்கிறாரோ. ஓட்டாமலே தப்புக் கண்டுபிடிக்கிற மேடம் ஒருத்தரை உங்களில் யாராவது எங்காவது பார்த்தால், இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: அவர் செய்த மெஷினில் புரியாதது எதுவும் கிடையாது. அந்த முப்பது மணியும் நான்தான்.