வைட்ஃபீல்ட் பஸ்ஸில் எனக்குக் கிடைத்த வேலை

பஸ் ரூட் காட்டும் வலைத்தளத்திலிருந்து வைட்ஃபீல்ட் வரைக்கும் உள்ள ஸ்டாப்புகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, இன்று காலை புது வேலைக்குக் கிளம்பினேன்.

காக்ஸ் டவுனில் ஏறியதிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பையும் டிக் அடித்துக்கொண்டே வந்தேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். “ஸ்வல்ப, கொஞ்சம் காட்டுங்க சார், அது என்ன பேப்பரு?”

காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இந்த ரூட்ல எனக்கு இன்னைக்குத்தான் சார் முதல் நாள். அடுத்த ஸ்டாப் என்னன்னு சொல்லிட்டே வாங்க.”

நான் படித்தேன், அவர் கூவினார். எல்லோரும் சரியான இடத்தில் இறங்கினார்கள்.

என் ஸ்டாப்பில் பேப்பரை அவரிடமே நீட்டினேன்.

“அது கிடக்கட்டும் சார். சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவீங்க?”

ஆபீஸில் எனக்கு இன்னும் மேஜைகூட ஒதுக்கவில்லை. பஸ்ஸில் வேலை உறுதியாகிவிட்டது. சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸுக்கு யாரெல்லாம் வருகிறீர்கள்?