கேப்டன் பேருக்கு ரெண்டு புள்ளி

பெரியகுளத்தில் நடந்த பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் புள்ளி எழுதியவர் அவர். ஒல்லியான ஆள், தொளதொளவென்று வெள்ளைச் சட்டை. ஆடுகிறவர்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். முதுகில் இருக்கும் நம்பரை மட்டும்தான் பார்ப்பார்.

அதிகப் புள்ளி எடுக்கும் பெண்ணுக்கு ஃபீஸ் இல்லாமல் காலேஜில் இடம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி நிமிடத்தில் என் மகள் பந்துக்கு முட்டி மோதினாள். அவளோடு மல்லுக்கட்டிய எதிரணிப் பெண் தடுமாறி, பந்தைத் தங்கள் வளையத்துக்குள்ளேயே தட்டிவிட்டாள். அந்த ரெண்டு புள்ளியை அவர் எங்கள் டீம் கேப்டன் பேரில் எழுதினார். கேப்டன் என் மகளை முந்திவிட்டாள்.

“சார், முட்டி மோதுனது எம் மகதான?”

“ஆமாண்ணே. ஆனா எதிராளி அவுகளே போட்டுக்கிட்டா கேப்டன் பேருக்குத்தான் எழுதணும். ரூல் அப்படி.”

“கேப்டன் அப்ப எங்கன நின்னுச்சு?”

“அந்தக் கோடியில குனிஞ்சு லேஸ் கட்டிக்கிட்டு இருந்துச்சு. நானும் பாத்தேன்.”

“பாத்துட்டுமா எழுதுனீக?”

“பாத்ததையெல்லாம் எழுத இதுல எடமில்லண்ணே.”

மகள் இப்போது போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். அவரைப் பொய்யர் என்று திட்டவும் எனக்கு வழியில்லை. கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னார். அதுதான் இன்னும் ஆறவில்லை.