சத்தம் போடாத ஞாயிறுகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்திவாக்கத்திலிருந்து மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ரத்த உறவு இல்லை. மாமாவும் அப்பாவும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்குகிறவர்கள். விம்கோ நகரில் ஒரு கூடமும் ஓர் அறையுமாக இருந்தது எங்கள் வீடு. அத்தை பை நிறைய இறால் கொண்டுவருவார். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, நடுவே குண்டானை வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரிப்போம். அத்தை சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா விசேஷம்?" என்று கேட்பார்.

நான் பத்தாவது போனதும் இது மாறியது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். படிப்பு எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனாலேயே, சத்தம் பட்டால் அது கெட்டுவிடும் என்று நினைத்தார். அவர்கள் வரும் நாளில் என்னை அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார். "மெதுவா பேசுங்கப்பா, புள்ள படிச்சிகினு கீது" என்பது எனக்கும் கேட்கும். அதன்பிறகு கிசுகிசுப்புதான். என் சாப்பாடு எல்லோருக்கும் முன்னால் தட்டில் வரும். அம்மா பெரிய இறாலாகப் பொறுக்கி வைத்திருப்பார். ஏழாவது படிக்கிற தங்கை தட்டை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நடப்பதுபோல நுனிக்காலில் திரும்பிப் போவாள்.

அவர்கள் எனக்குத் தந்தது மரியாதை. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நான் படிக்கவும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி, அத்தை சிரிக்கிறாரா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறார் என்று தங்கை சொன்னாள். இப்படியே போனால் சொந்த வீட்டில் நான் விருந்தாளியாகிவிடுவேனோ என்று பயம் வந்தது.

அரையாண்டுப் பரீட்சை நெருங்கிய ஒரு ஞாயிறு, எழுந்து கதவைத் திறந்தேன். பேச்சு நின்றது. மாமா அவசரமாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு நைனா." அவர் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல்முறை.

"இன்னா வேணும், தண்ணியா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் வேணாம். நானும் எறா உரிக்கறேன்."

"வேணாம்ப்பா. கை கலீஜ் ஆய்டும். அப்பறம் எப்படி புக்கத் தொடுவ?"

"கழுவிக்கறேன்" என்று சொல்லி, தரையில் அத்தைக்கும் தங்கைக்கும் நடுவே உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தது. தலையைக் கிள்ளினால் பாதிச் சதையும் கூடவே வந்தது. முதுகிலிருக்கும் கறுப்புக் குடலை எடுக்க மறந்தேன். நான் போட்டதை மாமா சத்தமில்லாமல் எடுத்துச் சரிசெய்து போட்டார். வெளியே வந்திருக்கக் கூடாதோ என்று அப்போது தோன்றியது.

அத்தை என் இறால் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது? எறா உரிக்கறியா, அதுக்கு ஆபரேசன் பண்ணிகினு கீறியா? இத்த துன்னா வவுறு இன்னாத்துக்கு ஆவறது. எடு, மொதல்லருந்து பண்ணு."

"வுடு அத்த, அவன் பத்தாவது" என்றாள் தங்கை.

"அது எறாவுக்குத் தெரியுமா?"

மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு அத்தை. முந்தானை மடியிலேயே கிடந்தது. அப்பா பழக்கத்தில் "உஷ்" என்று அறைப்பக்கம் திரும்பினார். உள்ளே யாரும் இல்லை. என்னைப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா விசேஷம்?"

"ஒண்ணும் இல்லப்பா. புள்ள எறா உரிக்குது" என்றார் அப்பா.

அடுத்த மாத ஞாயிறன்று, அவர்கள் வரும்வரை அறையில் உட்கார்ந்து படித்தேன், இந்த முறை உண்மையாகவே. கதவை அப்பா சாத்தவில்லை. அத்தை செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுத்தார்.

"டேய் பத்தாவது, எறா வந்துடுச்சி. வெளிய வா."