ஏரிக்கரைப் புல்லும் இருதயநாதன் வாத்தியாரும்

புது பிளேடு முதலில் புல்லுக்கு. மழுங்கிய பிறகுதான் மோவாய்க்கு. அதனால் இருதயநாதன் வாத்தியாரின் முகத்தில் எப்போதும் இரண்டு மூன்று கீறல்கள் இருக்கும். வரதராசன்பேட்டையில் அவரிடம் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் அந்தக் கீறல்களைப் பார்த்துவிட்டு, "சாரு நேத்து நெறயா புல்லு அறுத்துட்டாருடா" என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும்.

பச்சையாக எதைக் கண்டாலும் மனிதர் குனிந்துவிடுவார். பறித்த தண்டு வேட்டி மடிப்பில் ஏறி வீடு வந்து சேரும். அதைப் பிளந்து, வெற்றிலையைவிட மெல்லிசாகச் சீவி, பள்ளிக்கூடத்து நீல மையில் ஒரு சொட்டு விட்டு, பங்குச் சாமியார் திருச்சியிலிருந்து வாங்கிவந்து கொடுத்த பழைய மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைப்பார். தண்டுக்குள் பூஞ்சணம் நூல் நூலாக ஓடுவது தெரியும். புல்லை அது கொல்வதில்லை. "இருக்கற வூட்டுக்குக் கெடுதல் பண்ணாத விருந்தாளிங்க அது. புல்லு அதுக்குச் சோறு போடுது, அது புல்லுக்குக் காவல் நிக்குது. வெயில்லகூட வாட வுடாது" என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்வார். மனைவி மரிய புஷ்பத்துக்கு இது மனப்பாடம். "அந்த விருந்தாளிக்கும் ஒரு தட்டு வெச்சிடட்டுமாங்க?" என்பாள்.

இப்போது அவள் அப்படிக் கேட்பதில்லை. ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. பங்குனி பிறப்பதற்குள் வைக்கோல் போரெல்லாம் தரைமட்டம். யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகியும் மனிதருக்கே ரேஷன் அரிசிதான். மாட்டுக்கு யார் அளக்கப்போகிறார்கள்? காய்ந்து வெடித்துக் கிடக்கும் ஏரியின் கரையில் ஒரே ஒரு வகைப் புல் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அடுத்த வீட்டுக் கொளஞ்சியப்பனின் கிடேரி அதை மேய்ந்துவிட்டு வந்த அன்றே கால் நடுங்கி, கள் குடித்தவன்போலத் தள்ளாடி விழுந்தது. பிறகு எழுந்திருக்கவேயில்லை.

வாத்தியார் ஓடிப்போய் அந்தப் புல்லைப் பறித்துவந்து சீவிப் பார்த்தார். உள்ளே நூல். புல்லுக்குக் காவல் நிற்பதுதான் மேய்ந்த மாட்டுக்கு விஷமாகியிருக்கிறது என்று தீர்மானித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, "யாரும் அதை அறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். படித்தவர் பேச்சு, ஊர் கேட்டுக்கொண்டது.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. நூல் இருந்தது நிஜம். கிடேரி விழுந்தது நிஜம். ஆனால் விழவைத்தது நூல்தானா? அது பத்து நாள் பட்டினி கிடந்த கிடேரியாயிற்றே! மைக்ராஸ்கோப்புக்கு அது தெரியாது. தெருவில் நடக்கும்போது மாடுகளின் விலா எலும்பைப் பார்க்கப் பயந்து, முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தார்.

நேற்று சாயங்காலம் கொளஞ்சியப்பன் வந்தார். "இன்னொரு மாடும் படுத்துடுச்சிங்க சார். தின்னாலும் போவுது, தின்னாட்டியும் போவுது. நாளைக்கு ஊரே அருவாளத் தூக்கிட்டு ஏரிக்குப் போவப் போவுது. நீங்க பாத்தது நெசந்தானா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

வாத்தியார் தன் வீட்டுக் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "காலைல சொல்றேன்" என்றார்.

காலையில், ஊர் கிளம்புவதற்கு முன்பே, தலையில் ஒரு கட்டு ஏரிக்கரைப் புல்லுடன் கொல்லைக்குள் நுழைந்தார். அங்கே அவர்களுடைய சிவலைப் பசு நின்றது. அரியலூர் மில்லில் வேலை பார்க்கும் புஷ்பத்தின் அண்ணன் அனுப்பும் தவிட்டில் அது ஒன்றுதான் வாடாமல் இருந்தது. அதன் பாலில்தான் அவர்களுடைய எட்டு மாதக் குழந்தை வளர்கிறது.

புஷ்பம் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே ஓடிவந்தாள். "ஐயோ, என்னங்க இது? பாப்பாவுக்குப் பாலு?"

"நம்ம மாடு ஒண்ணுதான் பட்டினி இல்லாத மாடு, புஷ்பம். இது வுழுந்தா குத்தம் புல்லு மேல. வுழலேன்னா..." தலையிலிருந்த கட்டை இறக்கிவைத்தார். "வுழலேன்னா குத்தம் என் மேல. ஊரு மாட்டையெல்லாம் பட்டினி போட்டவன் நான்."

கட்டை அவிழ்த்துப் போட்டார். பசு முகர்ந்து பார்த்து ஒரு தடவை தலையை இழுத்துக்கொண்டது. பிறகு தின்னத் தொடங்கியது. தெருவில் ஆட்கள் அரிவாளோடு வந்து கூடும் சத்தம் கேட்டது. "சார், என்ன சொல்றீங்க?" என்று கொளஞ்சியப்பன் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் பசுவின் காலடியில் குந்தி, அதன் முன்னங்காலை வலது கையால் பற்றிக்கொண்டார். வெயில் ஏறியது. கட்டு பாதியாகக் குறைந்தது. ஏதோ நடுங்கியது. பசுவின் காலா, தன் கையா என்று அவருக்குத் தெரியவில்லை. இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.