நர்சம்மா தூங்க ஒரு தெரு

வீடு வாங்கப் போகிறவர்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி, தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் எந்தப் பக்கம் அடிக்கும், பத்திரத்தில் வில்லங்கம் உண்டா என்றுதான் விசாரிப்பார்கள். 1927ஆம் வருஷம் ஆம்பூரில் வீடு தேடிய ஆரோக்கியமேரி தரகர் அப்துல் கரீமிடம் கேட்டது வேறு.

"அந்தத் தெருவுல முப்பத்தஞ்சு வயசுக்குக் கீழ எத்தன பொம்பளைங்க இருக்காங்க, பாய்?"

கரீம் பாய், பின்னால் நின்றிருந்த அவருடைய கணவர் சவரிமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. ஐம்பத்திரண்டு வயது, முன்வழுக்கை, கையில் ஓட்டைக் குடை. இவரைப் பற்றி இப்படியொரு பயமா என்று பாய்க்கு ஆச்சரியமாக இருந்தது.

"நீங்க நெனக்கிறது இல்ல பாய்," என்றார் சவரிமுத்து. "அவளுக்குத் தூங்கணும்."

ஆரோக்கியமேரி பிரசவம் பார்க்கிறவர். வேலூரில் கன்னியாஸ்திரீகள் மடத்தில் அனாதையாக வளர்ந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து, கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தவர். ஊரில் எல்லோருக்கும் நர்சம்மா. தோல் வியாபாரிகள் வீட்டில் பெண்கள் இருக்கும் ஜனானாவிலிருந்து திரை போட்ட ஜட்கா வண்டி வரும்; தோல் ஷாப்புக் கூலிக்காரர்களின் குடிசைகளிலிருந்து ஆள் ஓடி வருவான். இருபத்திரண்டு வருஷமாக இரண்டுக்கும் ஒரே மாதிரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் குடியிருந்த வாடகை வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், ஊருக்கு நட்ட நடுவில். எந்த மூலையிலிருந்து வந்தாலும் ஐந்து நிமிஷம். அதுதான் கஷ்டமே.

பத்துத் தடவை கதவு தட்டப்பட்டால் ஏழு தடவை பொய் வலி. வலி பெண்ணுக்குக்கூட இருக்காது. புருஷனுக்குப் பயமாக இருக்கும். மனைவி தூக்கத்தில் புரண்டு படுத்ததற்கு ஒருவன் ஓடி வந்திருக்கிறான். எழுப்பிப் பார்த்தால் அவள், "இன்னாத்துக்கு நர்சம்மாவ பேஜார் பண்றே?" என்று அவனைத் திட்டினாள். தலைக்குழந்தைக்கு ஐந்து தடவை வந்தவன், பிறந்த மறுநாள் ஆறாவது தடவையாக வந்து, குழந்தை அழுகிறது என்றான். அழாமல் இருந்தால் வந்து சொல்லு என்று அனுப்பி வைத்தார்.

"தூரமா ஒரு வீடு வேணும்," என்று கரீம் பாயிடம் விளக்கினார். "நெஜமா வலி வந்தவன் எவ்ளோ தூரம்னாலும் வண்டி கட்டிக்கினு வந்துருவான். பயந்தவன் பாதி வழியில திரும்பிடுவான். ஆனா பக்கத்து வீட்டுலயே கர்ப்பிணி இருந்தா தூரமா போயி இன்னா பிரயோஜனம்?"

கரீம் பாய்க்கு நியாயம் புரிந்தது. ஆனால் வீடு காட்டுவது அவர் நினைத்தது போலச் சுலபமாக இல்லை. மசூதித் தெருவில் ஒரு மாடி வீட்டைத் திறந்துவிட்டு, "மழைக்கு ஒரு சொட்டு இறங்காது" என்று ஆரம்பித்தார்.

"இந்த ரூம்புல மூணு பிரசவம் பாத்திருக்கேன், பாய். அதோ அந்த மூலையில ஒழுகும். போன ஐப்பசியில குழந்தைக்கு மேல கொட கட்டி வெச்சோம்."

ஆற்றோரத்து வீட்டில் கிணற்று நீரைப் பாய் இளநீர் என்றார். தோல் ஷாப்பு உப்பு இறங்கிய தண்ணீர் அது. குழந்தையைக் குளிப்பாட்டினால் சோப்பு நுரைக்காது என்பது ஆரோக்கியமேரிக்குத் தெரியும். அடுத்து ஒரு தேக்குக் கதவு வீடு. அங்கே கதவு நல்லதுதான், ஆனால் பக்கத்து வீட்டு மாமியார் மருமகளுக்கு வெந்நீர் கொடுக்கவே யோசிக்கிறவள். ஊரில் எந்த வீட்டையும் வாசலிலிருந்து மட்டும் பார்த்துப் பழகியவரல்ல அவர்; எல்லாவற்றையும் உள்ளே இருந்து, ஆபத்து நேரத்தில் பார்த்தவர். நான்காவது வீட்டில் பாய் வர்ணிப்பதை நிறுத்திவிட்டு, "நீங்களே சொல்லிடுங்கோ, நர்சம்மா" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

சவரிமுத்துவுக்கு மாதா கோயில் பக்கம் ஒரு வீட்டின்மேல் ஆசை. பூசைக்குப் போக வசதி.

"கோயில்லதான கல்யாணம் நடக்குது?" என்றார் ஆரோக்கியமேரி. "கல்யாணம் ஆனவங்க அதே தெருவுல குடி வருவாங்க. பத்தாம் மாசம் இன்னா ஆவும்?"

சவரிமுத்து குடையை மடக்கிக்கொண்டு நடந்தார்.

கடைசியில் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. நாலு வருஷத்துக்கு முன் புதிதாக எழும்பிய தெரு. ஒன்பது வீடுகள், எட்டில் பென்ஷன்காரர்கள். ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர், ரிட்டையர்டு கணக்கப்பிள்ளை, ரிட்டையர்டு ஃபாரஸ்ட் ரேஞ்சர் என்று தெருவே சர்க்கார் ஆபீஸ் மாதிரி இருந்தது. ஆரோக்கியமேரி இரண்டு சாயங்காலம் அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்து பார்த்தார். எட்டு வீட்டிலும் கண்ணில் பட்ட பெண்களில் இளையவளுக்கு ஐம்பது இருக்கும். போதாததற்குக் கூட்ஸ் வண்டி வந்தால் கேட் கால் மணி நேரம் மூடியிருக்கும். பயந்த புருஷன் யோசித்துப் பார்க்க நல்ல அவகாசம்.

"இதுதான் பாய். இத விட்டா வேற இல்ல."

தெருவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. முதல் வீட்டு சாமிநாதன், முப்பது வருஷம் போலீஸில் இருந்து ஹெட்கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்றவர், கரீம் பாயைக் கூப்பிட்டு, வாங்குகிறவரைத் தெருக்காரர்கள் பார்க்க வேண்டும் என்றார். வேப்ப மரத்தடியில் எட்டு நாற்காலி போடப்பட்டது. ஆரோக்கியமேரிக்கு ஸ்டூல்.

"ஒங்க தொழிலப் பத்தி ஒரு குத்தமும் சொல்லல," என்றார் சாமிநாதன். "ஆனா நாங்கல்லாம் வயசானவங்க. ராத்திரியில கண்டவன் வந்து கதவத் தட்டுனா தெருவே முழிச்சிக்கும். அதனால ஒரு நிபந்தன எழுதியிருக்கோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ராத்திரி ஒம்போது மணியிலேர்ந்து காலையில ஆறு மணி வரைக்கும் இந்தத் தெருவுல எந்தக் கதவையும் யாரும் தட்டக்கூடாது."

ஆரோக்கியமேரிக்கு அதைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "நெஜமாவா? எழுத்துலயே இருக்குதா?"

"இருக்குது."

"எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டுவிட்டு, இன்னொரு நகல் தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நாற்காலிகளில் இருந்தவர்கள் குழம்பிப் போனார்கள். அவர் போன பிறகு சாமிநாதன், "என் சர்வீஸ்ல இவ்ளோ சந்தோஷமா எவனும் கையெழுத்துப் போட்டதில்ல. இதுல ஏதோ இருக்குது," என்றார்.

கையெழுத்துப் போட்டாரே தவிர, பெண்களைக் கைவிட்டுவிட்டுத் தூங்குகிறவரல்ல அவர். தினமும் சாயங்காலம் ஊருக்குள் ஒரு சுற்றுப் போய், நாள் நெருங்கியவர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். இன்றைக்கோ நாளைக்கோ என்றால் அங்கேயே தங்கிவிடுவார். திடீரென்று ஒருத்திக்கு நிஜமாக வலி எடுத்தால் வண்டிக்காரன் தெருமுனையில் நின்று மாட்டு மணியை ஆட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் மாதத்தில் மணி இரண்டே தடவை ஆடியது. மற்ற நாளெல்லாம் அவர் படுத்தால் விடிந்துதான் எழுந்தார். கன்னத்தில் சதை பிடித்தது. "தூக்கத்துல சிரிக்கிற," என்று சவரிமுத்து ஒரு காலையில் புகார் சொன்னார். அவருக்குத்தான் தூக்கம் போயிருந்தது. இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் ஆள் இல்லாமல் படுத்துப் பழகியவர்.

இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் சாமிநாதனின் மனைவி பட்டம்மாள் கிண்ணத்தில் பால் கொழுக்கட்டை கொண்டு வந்தார். உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவரில் மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நம்ம அமிர்தவள்ளி வர்றா, நர்சம்மா. அரக்கோணத்துல குடுத்திருக்கோமே, எம் பொண்ணு."

"நல்லது. பாக்கறதுக்கா?"

"தலப்பிரசவம். ஏழாம் மாசம். அவங்க மாமியா அங்கயே வெச்சிக்கிறேன்னாங்க. எங்க தெருவுலயே நர்சம்மா இருக்காங்க, இங்கதான் அனுப்பணும்னு நான் கடுதாசி போட்டேன்."

ஆரோக்கியமேரி வாயில் வைத்த கொழுக்கட்டையை விழுங்க மறந்தார்.

"மத்த வீட்டுலயும்...?" என்று இழுத்தார்.

"எல்லாரும்தான் எழுதியிருக்காங்க," என்றார் பட்டம்மாள் பெருமையாக. "போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கு ரெண்டு பொண்ணு."

அன்று சாயங்காலம் சவரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "இருவத்திரண்டு வருஷமா இதே வேலை! கெழவன் கெழவி இருக்கிற வீட்டுக்குத்தான பொண்ணு பிரசவத்துக்கு வரும்? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். எத்தன தாய் வீட்டுல நானே பாத்திருக்கேன்," என்றார் ஆரோக்கியமேரி. கொழுக்கட்டைக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, "தெருவ எண்ணும்போது ஞாபகம் வரல. வூட்ல யாரு குடியிருக்காங்கன்னுதான் பாத்தேன். எனக்கு அப்பிடி ஒரு தாய் வூடு இருந்திருந்தா ஞாபகம் வந்திருக்கும்," என்றார்.

சவரிமுத்து சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரே எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் செய்தி எல்லாம் அவர் மூலம்தான் வந்தது. பார்சல் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பிளாட்பாரம் முழுக்கத் தெரியும். "இன்னிக்குப் பெங்களூர் வண்டியில ஒண்ணு எறங்குச்சி. ரேஞ்சர் வீட்டுக்கு," என்பார் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே. "மூணு டிரங்குப் பெட்டி. ஆறு மாசம் தங்குற சாமான்." மறுவாரம்: "மெட்ராஸ் வண்டியில போஸ்ட்மாஸ்டர் பொண்ணுங்க. ரெண்டும் ஒண்ணா. பெருசுக்கு எட்டாம் மாசம் இருக்கும்னு எனக்கே தெரியுது." தைப் பொங்கலுக்குள் ஒன்பது வீட்டுத் தெருவில் ஐந்து கர்ப்பிணிகள் இருந்தார்கள். கடைத்தெருப் பக்கம்கூட அந்த விகிதம் கிடையாது.

அமிர்தவள்ளிக்கு வலி எடுத்தது மாசி மாதம், விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது. சாமிநாதன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து ஆரோக்கியமேரி வீட்டுக் கதவுமுன் நின்றார். கையை ஓங்கினார். நிபந்தனை எழுதியவர் அவர், படித்தவர் அவர், தெருவில் அதை மீறிய பால்காரனை ஒரு வாரம் உள்ளே விடாதவரும் அவரே. கையை இறக்கிக்கொண்டு இருமினார். செருமினார். "அம்மா" என்று கிணற்றுக்குள் பேசுவது போல மெல்லக் கூப்பிட்டார். உள்ளே சவரிமுத்துவின் குறட்டைதான் கேட்டது.

வேறு வழி தோன்றவில்லை. வீட்டுக்கு ஓடி, ஆணியில் மாட்டியிருந்த பழைய போலீஸ் விசிலை எடுத்து வந்து, நடுத்தெருவில் நின்று பலங்கொண்ட மட்டும் ஊதினார்.

எட்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது. போஸ்ட்மாஸ்டர் உலக்கையோடு வந்தார். ரேஞ்சர் வேட்டைத் துப்பாக்கியோடு வந்து, "எந்தப் பக்கம் ஓடுனான்?" என்று கேட்டார். கேட்கீப்பர் எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டை மூடினான். ஆரோக்கியமேரி பையோடு வெளியே வந்தபோது தெருவே கூடி நின்றது.

"கதவத் தட்டியிருந்தா நான் மட்டும் எழுந்திருப்பேனே, ஐயா."

"எழுத்துல இருக்குதேம்மா," என்றார் சாமிநாதன் பரிதாபமாக.

சூரியன் வந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வந்தவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. துப்பாக்கியும் உலக்கையுமாக வேப்ப மரத்தடியிலேயே உட்கார்ந்து பட்டம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை அழுத சத்தம் கேட்டதும் சாமிநாதன் எழுந்து நின்று, யாருக்கென்று தெரியாமல் ஒரு சல்யூட் வைத்தார்.

அடுத்த ஏழு வாரத்தில் மற்ற நாலும் பிறந்தன. ஒரே வாரத்தில் இரண்டு. போஸ்ட்மாஸ்டர் வீட்டு மூத்த பெண்ணுக்குக் குழந்தை குறுக்கே கிடந்தது. முப்பது மணி நேரம் ஆரோக்கியமேரி உட்காரவேயில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், கையில் சோற்றை எடுத்தபடியே தட்டின்முன் தூங்கிப்போனார். சவரிமுத்து அவரைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, மறுநாளே கரீம் பாயைக் கூட்டி வந்தார்.

"இன்னொரு எடம் இருக்குது, நர்சம்மா," என்றார் பாய். "ரொம்ப அமைதி. பக்கத்துல சுடுகாடு. யாரும் பிரசவத்துக்கு வரமாட்டாங்கோ, நான் ஜாமீன்."

ஆரோக்கியமேரி பதில் சொல்லுமுன் சாமிநாதன் உள்ளே வந்துவிட்டார். தரகர் தெருவில் நுழைந்ததை அவர் பார்த்திருந்தார். பின்னாலேயே போஸ்ட்மாஸ்டர், ரேஞ்சர், மற்றவர்கள்.

"நீங்க போகக்கூடாது," என்றார் சாமிநாதன். "ராத்திரித் தூக்கத்துக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. கொழந்த அதுக்குத் தோணுன நேரத்துலதான் பொறக்கும். ஆனா மத்தியானம் பன்னெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு சத்தம் வராது. அது எங்க பொறுப்பு."

"எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார் ஆரோக்கியமேரி.

எழுதிக் கொடுத்தார்கள். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தத் தாளை அவர்கள் மதித்த அளவுக்கு ஆம்பூரில் யாரும் சட்டத்தை மதித்ததில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு பொழுது போகாமல் கிடந்தவர்களுக்கு மறுபடியும் டியூட்டி கிடைத்துவிட்டது. முறை வைத்துத் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உப்புக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். வளையல்காரி வளையல்களைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தாள். கீரைக்காரி "கீரே" என்று காதோடு சொல்லி விற்றாள். ரேஞ்சர், கேட் பக்கம் வரும்போது இன்ஜின் ஊதக்கூடாது என்று ரயில்வேக்கு மனு எழுதி, கொடுக்கச் சொல்லி சவரிமுத்துவிடமே தந்தார். சவரிமுத்து அதை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

ஆரோக்கியமேரி பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தார். மத்தியானம் பாயை விரித்தால் நாலு மணிக்குப் பட்டம்மாள் வந்து எழுப்பும் வரை அசைய மாட்டார்.

ஏற்பாடு ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒரு நாள் சவரிமுத்துவுக்கு வேலை சீக்கிரம் முடிந்து, ஒரு மணி வெயிலில் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். தெருமுனையில் சாமிநாதன் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"எங்க?"

"வூட்டுக்குத்தான். பசிக்குது."

"கதவத் தொறப்பீங்க. தாழ்ப்பாள் சத்தம் கேக்கும். தட்டு எடுப்பீங்க." சாமிநாதன் தலையை ஆட்டினார். "நர்சம்மா இப்பதான் கண்ண மூடுனாங்க. நாலு மணிக்கு வாங்க."

சவரிமுத்து கொஞ்ச நேரம் தன் வீட்டை அங்கிருந்தே பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே திரும்பிப் போய், ஓட்டலிலிருந்து இரண்டு இட்லி வாங்கி வரச்சொல்லித் தின்றுவிட்டு, பார்சல் மூட்டைகள்மேல் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.